சேசு சபைத் தந்தையர்களுக்கு, மதிய ஷிப்ட் ஆசிரியர்கள் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கல்லூரிகள் நடத்தும் சேசு சபை (ஜெசுயிட்) தந்தையர்களுக்கு,

வணக்கம்.

சில ஆண்டுகளாக உங்கள் வளாகங்களில் விழாவுக்கு மேல் விழா. திருச்சி தூய வளனார் கல்லூரிக்கு 2019-இல் 175 வயது நிறைந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரிக்கு 2023-இல் நூறு. சென்னை லயோலாவுக்கு 2025-இல் நூறு. வாழ்த்து மடல்கள் நிறைய வந்திருக்கும். இந்த மடலிலும் வாழ்த்து உண்டு. ஆனால் நான் கேட்க வந்தது மதியத்துக்கு மேல் உங்கள் வகுப்பறைகளில் பாடம் எடுக்கும் சுயநிதிப் பிரிவு (அரசு சம்பளம் தராமல் மாணவர் கட்டணத்தில் நடக்கும் பிரிவு) ஆசிரியர்களைப் பற்றி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்கன் இல்லை. சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற தாமிரபரணிக் கரைக் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது பாளையங்கோட்டையில், உங்களிடம். ஊர்க் கொடையில் விடிய விடியக் கேட்ட வில்லுப்பாட்டும், மகுடம் அடித்துப் பாடுகிற கணியான் கூத்தும் படிப்புக்குரிய விஷயங்கள் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அதையெல்லாம் வெளியே சொல்லவே கூச்சப்படுவோம். உங்கள் கல்லூரியிலோ நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இருந்தது. மாடன் கதையைப் பதிவு செய்தார்கள், எழுதிவைத்தார்கள், வேறு ஊர் வடிவத்தோடு ஒப்பிட்டார்கள். பாதிரியார் நடத்துகிற கல்லூரியில் சுடலைக்கு இத்தனை மரியாதையா என்று என் தாத்தாவுக்குக் கடைசிவரை ஆச்சரியம்.

அந்தத் துறையை நினைத்தால் முதலில் வரும் பெயர் பேராசிரியர் தே. லூர்து. தமிழில் நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற யாரும் அவர் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. அவர் துறவி அல்ல, பொதுநிலை ஆசிரியர். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

உங்கள் சபையின் கல்விப் பணி என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிற இன்னொருவர் சார்ல்ஸ் ரசீன். பிரெஞ்சுக்காரர், சேசு சபைத் துறவி. பாரிசில் எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். கணித உலகில் கார்த்தான் எவ்வளவு பெரிய ஆள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்டவரின் மாணவர் 1937-இல் இந்தியாவுக்கு வந்து, திருச்சியிலும் பிறகு லயோலாவிலும் இளங்கலைப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றைய பாடத்திட்டம் பழைய பிரிட்டிஷ் முறையில் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தது. ரசீன் அதற்கு வெளியே போய், ஐரோப்பாவில் அப்போது நடந்துகொண்டிருந்த புதிய கணிதத்தை அவர்களுக்குக் காட்டினார். ஆர்வமுள்ள பையன்களைப் பம்பாயில் புதிதாகத் தொடங்கியிருந்த டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். அப்படிப் போனவர்களில் சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் உண்டு. 1965-இல் அவர்கள் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றத்தை இன்றும் உலகம் முழுக்க அவர்கள் பெயராலேயே சொல்கிறார்கள். சேஷாத்ரி பின்னாளில் சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கினார். அவர்கள் இருவருக்கும் ரசீன் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, கொடுக்க முயன்றதாகவும் தெரியவில்லை. நேரம் கொடுத்தார்.

தூய வளனாரில் தாவரவியலாளர் கே. எம். மேத்யூவும் அப்படித்தான். 1967-இல் ராபினாட் தாவரக் காப்பகத்தைத் தொடங்கி, தமிழகச் சமவெளியிலும் குன்றுகளிலும் செடி செடியாகச் சேகரித்து, 1980களில் பல பகுதிகளாகத் தாவரத் தொகுப்பு கொண்டுவந்தார். செமஸ்டருக்கு இத்தனை பேப்பர், ஆண்டுக்கு இத்தனை பாயின்ட் என்று எண்ணுகிற இன்றைய முறையில் அந்த வேலையைத் தொடங்கவே முடிந்திருக்காது.

ரசீனால் ஏன் முடிந்தது? மேதை என்பது ஒரு பகுதிதான். வாடகைக் கவலை இல்லை, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் இல்லை. அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்ற கேள்வி இல்லை, உடம்புக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வறுமை வார்த்தைப்பாடு (துறவிகள் எடுக்கும் உறுதிமொழி) எடுத்தவர்தான், ஆனால் வாழ்நாள் முழுக்கச் சபையின் பாதுகாப்பு இருந்தது. மாணவனுக்குக் கொடுக்க அவரிடம் நேரம் இருந்ததற்கு அந்தப் பாதுகாப்புதான் காரணம். வார்த்தைப்பாடு எடுக்காத, குடும்பம் வைத்திருக்கிற ஆசிரியருக்கு அதே பாதுகாப்பை எது தரும்? நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும்தான். அப்துல் கலாம் தூய வளனாரில் தனக்கு வாய்த்த ஆசிரியர்களைத் தன் எழுத்திலும் பேச்சிலும் நன்றியோடு சொல்கிறார். இரவில் விடுதிப் பையன்களை ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போன செக்கேரா சாமியாரும் அவற்றில் இருக்கிறார், கணக்கு நடத்திய தோத்தாத்ரி ஐயங்காரும் இருக்கிறார். நுழைவாயிலில் கலாம் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும்போது அந்த ஐயங்காரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

சரி, இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் சபை வெளி மாணவர்களுக்கென்று நடத்திய முதல் கல்லூரி 1548-இல் சிசிலித் தீவின் மெசினாவில் தொடங்கியது. ஊர் நிர்வாகம்தான் உங்கள் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரிடம் ஆள் கேட்டது. துறவிகளின் சாப்பாடு, துணிமணி, தங்குமிடம் எல்லாம் ஊர்ச் செலவு. பதிலுக்கு மாணவரிடம் ஒரு காசு வாங்காமல் பாடம் நடத்த வேண்டும். இலவசமாகக் கற்பிப்பது என்பதை இஞ்ஞாசியார் சபையின் சட்டத்திலேயே எழுதிவைத்தார். 1773-இல் சபை கலைக்கப்பட்டு 1814-இல் மீண்டபோது பழைய அறக்கட்டளைகள் போய்விட்டிருந்தன. ஊரும் மன்னரும் கொடுத்த பணம் இல்லாமல் பள்ளி நடத்த முடியவில்லை. அதனால்தான் 1833-இல் போப் பதினாறாம் கிரகோரியாரிடம் விலக்குப் பெற்றுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தீர்கள். உங்கள் வரலாற்றில் கட்டணம் என்பது விதிவிலக்காக நுழைந்த ஒன்று.

நம் ஊர் எய்டட் முறையை அந்தக் கண்ணால் பாருங்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, கல்லூரியை நீங்கள் நடத்துகிறீர்கள், மாணவன் கட்டுவது சொற்பம். கிட்டத்தட்ட மெசினா ஒப்பந்தம்தான். என் மாதிரி ஆட்கள் படித்து மேலே வந்தது அந்த முறையால். கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியை 1970-இல் மதுரை நகருக்குள் கட்டாமல் உசிலம்பட்டி போகிற சாலையில், மானாவாரிக் காட்டுக்கு நடுவில் கட்டினீர்களே, அதற்கும் இதே கணக்குதான் உதவியது.

அப்புறம் கதை மாறியது. 1990கள் தொட்டு, புதிய பாடப்பிரிவு வேண்டுமானால் தொடங்கிக்கொள்ளுங்கள், பணம் மட்டும் கேட்காதீர்கள் என்ற நிலைக்கு அரசு வந்தது. கணினி அறிவியல், விஸ்காம், பி.காம். சி.ஏ. என்று கேட்டு வந்த கூட்டத்துக்கு மதிய ஷிப்ட் பிறந்தது. உதவிபெறும் கல்லூரிகள் எல்லாமே இதைச் செய்தன, நீங்களும் செய்தீர்கள். செய்யாமல் இருந்திருந்தால் எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இடமே கிடைத்திருக்காது. ஷிப்ட் தொடங்கியதைக் குறை சொல்லி நான் எழுதவில்லை.

சுயநிதிப் பிரிவில் நானும் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்தக் கல்லூரி, யார் நடத்துவது என்பது இங்கே வேண்டாம். காலையில் எய்டட் பேராசிரியர் உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் மதியம் நான் உட்காருவேன். பீரோ சாவி மட்டும் அவரிடம். என் விடைத்தாள் கட்டு, வருகைப் பதிவேடு, புத்தகம் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் தினமும் பஸ்ஸில் வந்து போகும். பாடத்திட்டமும் வினாத்தாளும் அவருக்கும் எனக்கும் ஒன்றே, கடைசியில் பிள்ளைகள் வாங்குகிற பட்டமும் ஒன்றே. இருவருக்கும் விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் உண்டு. சம்பளம் மட்டும் மலைக்கும் மடுவுக்கும். மே மாதம் எனக்குச் சம்பளமே கிடையாது. ஜூனில் திரும்பக் கூப்பிட்டால் வேலை உண்டு என்று அர்த்தம். வங்கிக் கடனுக்குச் சம்பளச் சான்று கேட்டுப் போனால், தொகுப்பூதியம் என்று எழுதிய தாளைப் பார்த்துவிட்டு மேனேஜர் கனிவாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வருகிற வாரம் வந்துவிட்டால் நாங்களும் முழு ஆசிரியர்கள். முனைவர் பட்டம் பெற்றோர் எண்ணிக்கையில் எங்கள் தலையையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அந்த ஒரு வாரம் டீயோடு பிஸ்கட்டும் வரும்.

தமிழ்நாட்டுச் சுயநிதிப் பிரிவுகளில் இது பொதுவாகக் காண்கிற நிலை. உங்கள் கல்லூரிகளில் எது எப்படி என்று உங்களுக்கே தெரியும். வேறு இடத்தைவிட நாங்கள் கூடத்தான் தருகிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் உங்களை நீங்கள் ஒப்பிட வேண்டியது பக்கத்துக் கல்லூரியோடு அல்ல. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கௌரவ விரிவுரையாளருக்கே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை என்று சொல்லியாயிற்று. குறைந்தபட்சம் அதோடு ஒப்பிடுங்கள்.

அதைவிட உங்கள் திருச்சபை சொன்னதோடு ஒப்பிடுங்கள். 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளிக்கு நியாயக் கூலி பற்றிச் சுற்றுமடல் எழுதினார். 2025 மே மாதம் போப் ஆனவர் அதை மனதில் வைத்துத்தான் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். 1971-இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம், நீதியைப் பற்றிப் பிறரிடம் பேசத் துணிகிறவர் முதலில் அவர்கள் பார்வையில் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்றது. அதோடு விடாமல், திருச்சபை நிறுவனங்களில் வேலை செய்யும் பொதுநிலையினருக்கு நியாயமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1973-இல், உங்கள் அன்றைய சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே ஸ்பெயின் நாட்டு வலேன்சியாவில் பழைய மாணவர்கள் முன்னால் நின்று, உங்களை நாங்கள் நீதிக்காக உருவாக்கினோமா என்று தானே கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். வசதியான வீட்டுப் பழைய மாணவர்கள் பலருக்கு அது கசந்தது. ஆனாலும் 1975-இல் உங்கள் 32-ஆம் பொதுப் பேரவை விசுவாசப் பணியையும் நீதிக்கான உழைப்பையும் ஒன்றாகக் கட்டித் தீர்மானம் போட்டது. விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காகப் பேசி, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் விசாரணைக் கைதியாகவே இறந்துபோன உங்கள் சபைத் துறவி ஸ்டேன் சாமி அந்தத் தீர்மானத்தை வாழ்ந்து காட்டினார். அவர் படத்துக்கு நீங்கள் மாலை போடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு மதிய ஷிப்ட் ஆசிரியரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பேச்சைக் கேட்கும்போது அவர் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1974-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் உரிமையை உறுதி செய்த வழக்கு, அகமதாபாத்தில் உங்கள் சபை நடத்தும் சவேரியார் கல்லூரியின் வழக்கு. ஆசிரியரை நீக்குவதற்குத் துணைவேந்தரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது என்று அதில்தான் தீர்ப்பானது. நிர்வாக உரிமை உங்களுக்கு வேண்டியதுதான், அதை நான் ஒருபோதும் எதிர்க்க மாட்டேன். ஆனால் ஆசிரியருக்கு வெளியிலிருந்து கிடைக்க இருந்த ஒரு காவல் உங்களுக்காக விலகி நின்றது. அப்படியானால் அந்தக் காவலை உள்ளே வைக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். சம்பளத்தை உயர்த்தச் சொல்வது சிறுபான்மை உரிமையில் தலையிடுவது ஆகாது என்பதையும் 1986-இல், டெல்லியின் ஃபிராங்க் அந்தோணி பள்ளி ஊழியர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். சம்பளத்தை ஏற்றினால் கட்டணத்தை ஏற்ற வேண்டும், அப்போது ஏழைப் பிள்ளை எங்கே போவான் என்பீர்கள். நியாயமான கேள்வி. தலித் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறையினருக்கும் சேர்க்கையில் முன்னுரிமை தருகிறவர்கள் கேட்டால் அதற்கு எடை அதிகம். ஆனால் ஏழை மாணவனுக்கான சலுகையை ஏழை ஆசிரியரின் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது எந்த வகையில் சேரும்? பெரும்பாலான இடங்களில் அந்த ஆசிரியரும் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரிதான். நீங்களே படிக்கவைத்த பிள்ளையாகக்கூட இருப்பார்.

பணத்துக்கு வழி இருக்கிறது. எய்டட் பணியிடத்தில் இருக்கும் துறவியின் சம்பளம் அவர் கைக்குப் போவதில்லை, சபைக்குப் போகிறது. (அதற்கும் டி.டி.எஸ். பிடிக்கத்தான் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அது உங்கள் தலைவலி.) வரி போக மிஞ்சுவதில் ஒரு பங்கை மதிய ஷிப்ட் ஆசிரியர் ஊதிய நிதி என்று தனியாக ஒதுக்கலாம். பழைய மாணவர்களிடம் அரங்கம் கட்டவும் நுழைவாயில் வளைவு வைக்கவும் கேட்கிறீர்கள், நாங்களும் கொடுக்கிறோம். கல்வெட்டில் பெயர் வரும் என்ற சின்ன ஆசையும் எங்களுக்கு உண்டு, மறைப்பானேன். அடுத்த முறை ஒரு ஆசிரியர் பணியிடத்துக்கு மூலதனம் கேளுங்கள். பழைய அறக்கட்டளை முறை அதுதானே? ஒரு துறையின் பழைய மாணவர்கள் சேர்ந்து தங்கள் துறையில் ஒரு இடத்தை நிரந்தரமாக்குவது நடக்காத காரியமில்லை. இருக்கும் ஆசிரியருக்கு முறையான ஊதிய விகிதம் வரும்வரை புதிய பாடப்பிரிவு எதையும் தொடங்காதீர்கள். சுயநிதிப் பிரிவின் வரவு செலவை ஆசிரியர் கூட்டத்தில் வைத்துவிடுங்கள். கட்டணத்தில் எத்தனை சதவீதம் சம்பளத்துக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் பாதி மனக்கசப்பு அன்றே தீரும். அரசு பல்லாண்டு காலமாகப் புதிய எய்டட் பணியிடம் தராததைக் கேட்கவும் உங்களைப் போல் பலம் உள்ளவர்கள் வேண்டும். உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் நீங்கள், ஆசிரியருக்காகக் கோட்டைக்குப் போகலாம்.

இன்னொன்று. 1960களின் நடுவில் உலகம் முழுக்க உங்கள் சபையில் சுமார் 36,000 பேர். இப்போது சுமார் 14,000. இந்தியாவில் நிலைமை பரவாயில்லை என்றாலும் பெரிய கல்லூரியில் துறைக்கு ஒரு சாமியார் என்ற காலம் போய்விட்டது. மாணவன் மூன்று ஆண்டில் ஒரு சாமியாரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசாமலே பட்டம் வாங்கிப் போகலாம். ஆளைத் தனித்தனியாகக் கவனிக்கிற உங்கள் கல்விமுறை என்று எதைச் சொல்கிறீர்களோ, அதை இன்று செய்துகொண்டிருப்பவர் மதியம் ஒன்றரை மணிக்கு வகுப்புக்குள் நுழைகிற அந்த ஆசிரியர். பையன் நாலு நாள் வரவில்லை என்றால் அவன் அம்மாவுக்கு போன் போடுகிறவர் அவர். 2019-இல் உங்கள் சபை அறிவித்த நான்கு முன்னுரிமைகளில் விலக்கப்பட்டோருடன் நடப்பதும் இளைஞரோடு துணை போவதும் இரண்டு. பத்து ஆண்டுக்கு என்று சொன்னீர்கள், 2029 ஒன்றும் தொலைவில் இல்லை.

ஊதிய விகிதம், அறக்கட்டளை, அரசிடம் கோரிக்கை எல்லாவற்றுக்கும் நாளாகும், குழு போடுவீர்கள், நிதிக்குழு பார்க்கும், உங்கள் சபையின் மாநிலத் தலைவரிடம் போகும். அது நடக்கட்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் என்பதற்கு இவ்வளவு தேவையில்லை. உங்கள் கல்லூரிகளில் எங்கெல்லாம் அது இன்னும் பத்தாகவோ பதினொன்றாகவோ இருக்கிறதோ, அங்கெல்லாம் வருகிற மே மாதமே கொடுத்துவிடலாம். பீரோவுக்கு இன்னொரு சாவியும் செய்து கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பழைய மாணவன் ஒருவன்
பாளையங்கோட்டை